பழைய ஆடியோ சாதனம் வாங்கும்போது விற்பவர் பதில் சொல்லாமல் போனால்: முழுமையான வழிகாட்டி

ஆன்லைனில் பழைய ஆம்ப்ளிஃபயரோ, இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளோ வாங்கப் போனால், விற்பவர் இரண்டு கட்டத்தில் வாயை மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஒன்று பணம் கொடுக்கும் முன்: கேட்ட கேள்வி கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும். மற்றொன்று பணம் கொடுத்த பின்: அதுவரை நிமிடத்துக்கு நிமிடம் பதில் போட்டவர் திடீரென்று பேச்சு மூச்சில்லாமல் போவார். முதலாவது வெறும் எரிச்சல், விலகிவிட்டால் முடிந்தது. இரண்டாவதில் பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படி மாட்டிக்கொண்டபின் பலரும் செய்வது, அவர் ஏன் பேசவில்லை என்று யூகித்தபடியே நாளைக் கடத்துவது. உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வெளியூர் போயிருக்கலாம், ஏமாற்றுக்காரராகவும் இருக்கலாம். எதுவானாலும், பணம் திரும்பி வருமா என்பதைத் தீர்மானிப்பவை மூன்றுதான்: எந்த வழியில் பணம் செலுத்தினீர்கள், எந்தத் தேதிக்குள் புகாரைப் பதிவு செய்தீர்கள், கையில் என்ன ஆதாரம் இருக்கிறது. கீழே சொல்லப்படும் எல்லாப் படிகளும் இந்த மூன்றையும் கெட்டியாக்கிக்கொள்ளத்தான்.

படி 1: பதில் வரவைக்கும் முதல் செய்தி

பணம் கொடுக்கும் முன் பதில் வராததற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களே இருக்கும். "இன்னும் இருக்கிறதா?" என்று ஒற்றை வரியில் பலர் கேட்டு, பதில் போட்டதும் காணாமல் போயிருப்பார்கள், விற்பவர் சலித்துப்போயிருப்பார். காலமான பெரியவரின் சாமான்களை விற்கும் குடும்பத்தாரிடம் "ஃபோனோ உள்ளீடு வேலை செய்கிறதா" என்று கேட்டால், என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். கனமான ஸ்பீக்கர் ஜோடியைக் கூரியரில் அனுப்பச் சொன்னதும் ஒதுங்கிக்கொள்பவர்களும் உண்டு. சில தளங்களின் வடிகட்டி, தொலைபேசி எண்ணோ வெளி இணைப்போ உள்ள செய்திகளைத் தடுத்துவிடும். உங்கள் கேள்வி அவரிடம் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். அதனால் முதல் செய்தியில் எண், இணைப்பு எதுவும் போடாதீர்கள்.

வாங்க முடிவு செய்துவிட்டவர் எழுதுகிறார் என்பது செய்தியிலேயே தெரிய வேண்டும். கேள்விகள் மூன்றைத் தாண்டக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்றோ ஒரு படத்தாலோ பதில் சொல்ல முடிய வேண்டும். உதாரணமாக:

"வணக்கம். உங்கள் டர்ன்டேபிளை நீங்கள் போட்டிருக்கும் விலைக்கே வாங்கிக்கொள்ளத் தயார். மூன்று விஷயம் மட்டும் தெரிய வேண்டும். 33, 45 இரண்டு வேகத்திலும் தட்டு சுற்றுகிறதா? பத்து வினாடி வீடியோ போதும். பின்பக்க லேபிளை, வோல்டேஜும் வரிசை எண்ணும் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? தட்டையும், ஊசிக் கையின் பின்முனையில் உள்ள எதிர் எடையையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி அனுப்புவீர்களா? சரியென்றால் இன்றே தளத்தின் வழியாகப் பணம் செலுத்திவிடுகிறேன்."

லேபிள் படத்துக்கு இரண்டு பயன். சாதனம் உண்மையிலேயே அவர் கையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு வேறொரு சாதனம் வந்து சேர்ந்தால், வரிசை எண் மாறியிருப்பதே போதுமான சாட்சி.

வோல்டேஜ் கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த சாதனம் 100 வோல்ட்டில் ஓடுவது. வட அமெரிக்காவில் 120. உலகின் பெரும்பகுதியில் 220 முதல் 240 வரை. 100 வோல்ட் சாதனத்தை 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். மின்னழுத்தத்தைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆனால் அது அலைவெண்ணை (ஹெர்ட்ஸை) மாற்றாது. கரண்டின் அலைவெண்ணை வைத்தே வேகம் பிடிக்கும் பழைய டர்ன்டேபிள் மோட்டார்களில், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் தட்டு 33⅓ சுற்றுக்குப் பதில் ஏறக்குறைய 27.8 சுற்றுதான் சுற்றும், பாட்டு இழுக்கும். விளம்பரப் படத்தில் லேபிள் தெளிவாக இருந்து நீங்கள் கவனிக்காமல் வாங்கியிருந்தால், பிறகு புகார் எடுபடாது.

மற்ற கேள்விகள் சாதனத்தைப் பொறுத்து மாறும். பழைய ஆம்ப்ளிஃபயர், ரிசீவர் என்றால்: ஆன் செய்த சில வினாடிகளில் உள்ளே ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்சான ரிலே "டக்" என்று விழுகிறதா, இரண்டு பக்கமும் சத்தம் வருகிறதா, வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா. கரகரப்பு பெரும்பாலும் துடைத்தால் போய்விடும். ரிலே விழாவிட்டால் அது வேறு கதை. கேசட் டெக் என்றால் ஒரு டேப் ஓடும் வீடியோ கட்டாயம் வேண்டும். அதன் ரப்பர் பெல்ட் காலப்போக்கில் தளர்ந்துபோகும், சிலவற்றில் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட டெக்கிலும் விளக்கு எரியும், முள் அசையும். "கரண்ட் வருகிறது" என்பதற்கும் "வேலை செய்கிறது" என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் முக்கால்வாசி ஏமாற்றமும் நடக்கிறது. பழைய ஸ்பீக்கர் என்றால் தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பான வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தின் நெருக்கமான படம் கேளுங்கள். பத்து இருபது வருடத்தில் அது பொடிப்பொடியாக உதிரும். மைக், ஹெட்போன்களில் போலி அதிகம். ஷூர் எஸ்எம்58 போல பரவலாக விற்கும் மாடல்களுக்குப் போலிகள் ஏராளம். மேல் வலையைக் கழற்றி உட்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

படி 2: எவ்வளவு காத்திருப்பது, எப்போது விலகுவது

இரண்டு நாள் பொறுங்கள். பதில் வரவில்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல்: "இன்னும் ஆர்வமாகத்தான் இருக்கிறேன். வரும் ஞாயிறு வரை பார்க்கிறேன், பிறகு வேறொன்றை வாங்கிக்கொள்வேன்." அதற்கும் பதில் இல்லையா, விட்டுவிடுங்கள். பணம் வாங்கும் ஆசை இருக்கும்போதே பேசாதவர், பெட்டி உடைந்து வந்த பிறகு பேசப்போவதில்லை.

பதில் வந்தாலும் விலக வேண்டிய இடங்கள் உண்டு. தளத்தை விட்டு வெளியே தனிச் செயலியில் பேசலாம் என்று அவசரப்படுத்துவது முதல் அறிகுறி. இரண்டாவது, கேட்ட புதிய படத்தைத் தராமல் விளம்பரத்தில் உள்ள அதே படத்தைத் திரும்ப அனுப்புவது. படத்தைக் கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் தேடிப் பாருங்கள். வேறு நாட்டு விளம்பரத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். பழைய ஆடியோ விளம்பரங்களைத் தொகுத்துத் தரும் ஹைஃபை ஷார்க் தளத்தில் அதே மாடலைத் தேடினால் வழக்கமான விலையும் பிடிபடும். இன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டைச் சாதனத்தின் மேல் வைத்து ஒரு படம் கேளுங்கள். உண்மையான விற்பவருக்கு அது ஒரு நிமிட வேலை.

படி 3: பணம் எந்த வழியில் போகிறது

பின்னால் வரும் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தப் படிதான். வங்கிப் பரிமாற்றம், கிரிப்டோ, பரிசு அட்டை ஆகியவற்றில் போன பணத்தைத் திரும்ப இழுக்க வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேபாலில் "நண்பர்கள், குடும்பத்தினர்" வகையில் அனுப்பினால் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. கட்டணம் மிச்சமாகும், அப்படியே அனுப்புங்கள் என்று விற்பவர் கேட்டால், அந்தக் கட்டணத்தை நீங்களே சேர்த்துக் கொடுத்தாவது "பொருள், சேவை" வகையிலேயே அனுப்புங்கள். தளத்துக்குள் வாங்கும்போது, முடிந்தால் கிரெடிட் கார்டையே பயன்படுத்துங்கள். தளம் கைவிட்டாலும் வங்கி என்ற இரண்டாவது கதவு திறந்திருக்கும்.

நினைவில் வைக்க வேண்டிய கெடுக்கள் இவை. ஈபேயில் பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்து, அல்லது வர வேண்டிய கடைசி நாளிலிருந்து, 30 நாள். பேபாலில் பணம் செலுத்தியதிலிருந்து 180 நாளுக்குள் டிஸ்ப்யூட் (முதல்கட்டத் தகராறு) திறக்க வேண்டும். திறந்த 20 நாளுக்குள் அதைக் கிளெய்மாக (பேபாலே முடிவு சொல்லும் கட்டமாக) உயர்த்த வேண்டும், தவறினால் தானாக மூடிக்கொள்ளும், மீண்டும் திறக்க முடியாது. விசா, மாஸ்டர்கார்டு சார்ஜ்பேக்குக்கு (கார்டில் போன பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவதற்கு) பொதுவாக 120 நாள், ஆனால் உங்கள் வங்கி இன்னும் முன்னதாகவே கேட்கலாம். நாட்டுக்கு நாடு இந்த விதிகளில் வேறுபாடு இருக்கும் என்பதால், வாங்கும் அன்றே உதவிப் பக்கத்தைப் படித்து, உங்களுக்குரிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பணம் செலுத்திய அன்றே

விளம்பரப் பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: தலைப்பு, விவரம், எல்லாப் படங்களும், விற்பவரின் கணக்குப் பெயர், விளம்பர எண். விற்ற பின் விளம்பரத்தை நீக்கிவிடுபவர்கள் உண்டு. "நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதியிருந்ததை நிரூபிக்க அந்த ஸ்கிரீன்ஷாட்தான் கைகொடுக்கும். உரையாடலையும் அப்படியே எடுத்து வையுங்கள். பிறகு கைபேசி நாள்காட்டியில் மூன்று நினைவூட்டல்: அனுப்புவதாகச் சொன்ன தேதி, வந்து சேர வேண்டிய தேதி, புகாருக்கான கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்.

அன்றே ஒரு செய்தியும் அனுப்புங்கள்: பணம் செலுத்தியாயிற்று, எப்போது அனுப்புவீர்கள், பேக்கிங் இப்படி இருக்க வேண்டும். டர்ன்டேபிள் என்றால் பேக்கிங்கை விரிவாகவே எழுதுங்கள். தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். மேலேயே விட்டால் பெட்டி ஒருமுறை கவிழ்ந்தாலே அந்தக் கனம் நடு அச்சையும் பேரிங்கையும் வளைத்துவிடும், மூடியையும் உடைக்கும். எதிர் எடையைக் கழற்ற வேண்டும். டோன் ஆர்மை, அதாவது ஊசிக் கையை, அதன் தாங்கியில் பூட்டி, மெல்லிய கம்பியாலோ பட்டையாலோ கட்ட வேண்டும். ஊசிக்கு உறை போட வேண்டும், கழற்றக்கூடிய ஊசியானால் கழற்றிவிடலாம். மோட்டாருக்குப் போக்குவரத்துத் திருகு இருந்தால் அதை இறுக்க வேண்டும். வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் என்றால் வால்வுகளைக் கழற்றி, எது எந்த இடம் என்று எண் போட்டுத் தனிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். இதற்குப் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் கேட்டது தளத்தில் பதிவாகிவிட்டது.

படி 5: பணம் போயிற்று, பொருள் கிளம்பவில்லை

அனுப்புவதாகச் சொன்ன நாள் கடந்து மூன்று வேலை நாள் ஆகிவிட்டால் தளத்துக்குள்ளேயே எழுதுங்கள். மரியாதையாக, சுருக்கமாக, தேதியோடு: "இந்த மாதம் 4ஆம் தேதி பணம் செலுத்தினேன். 7ஆம் தேதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். ட்ராக்கிங் எண் இன்னும் வரவில்லை. 14ஆம் தேதிக்குள் எண்ணை அனுப்புங்கள், அல்லது ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் 15ஆம் தேதி தளத்தில் புகார் பதிவு செய்வேன்."

இந்தச் செய்திக்கு அவர் பதில் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டாலும், உங்கள் கோப்பில் ஒரு ஆதாரம் கூடுகிறது: நியாயமான அவகாசம் கொடுத்தீர்கள், அவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 15ஆம் தேதி சொன்னபடி புகார் போடுங்கள். தினமும் நான்கு முறை எழுதுவதும், திட்டுவதும், வேறு கணக்குகளில் அவரைத் தேடிப் பிடித்து எழுதுவதும் கேடு. வழக்கைப் பார்க்கும் ஊழியர் உரையாடல் முழுவதையும் படிக்கிறார்.

அடியோடு பேசாதவரைவிட அவ்வப்போது தலைகாட்டுபவர்தான் ஆபத்தானவர். "அடுத்த திங்கள் அனுப்புகிறேன்", "பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்", "கூரியர்காரர் வரவில்லை" என்று வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லி இழுத்தடித்தால், உங்கள் 30 நாள் கரைந்துபோகும். சில ஏமாற்றுக்காரர்கள் தெரிந்தே இதைச் செய்கிறார்கள். இரண்டாவது தடவை தேதி தவறினால், காரணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். நேர்மையான விற்பவருக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை: பொருளை அனுப்பி ட்ராக்கிங் எண்ணைப் போட்டால் புகார் முடிந்துவிடும். புகார் போடுவது அவரை அவமதிப்பதாகும் என்ற தயக்கத்தில் பணத்தை விட்டவர்கள் நிறைய.

ட்ராக்கிங் எண் வந்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். "லேபிள் உருவாக்கப்பட்டது" என்ற நிலையிலேயே நாட்கணக்கில் நின்றால், பெட்டி கூரியர் கைக்கே போகவில்லை என்று பொருள். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. உங்கள் அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் இருக்கும் வேறு முகவரிக்கு ஒரு வெற்று உறையை அனுப்பி, "டெலிவரி ஆகிவிட்டது" என்று காட்டுவது. அந்த நிலையை வைத்துத் தளம் விற்பவர் பக்கம் தீர்ப்பளித்துவிடும் அபாயம் உண்டு. அப்படி நேர்ந்தால் அன்றே கூரியர் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, பொதியின் எடையும் அது போன முகவரியும் உங்களுடைய ஆர்டரோடு பொருந்தவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். பன்னிரண்டு கிலோ ஆம்ப்ளிஃபயருக்குப் பதில் நூறு கிராம் உறை என்று கூரியரே எழுதிக் கொடுத்தால் வழக்கு அங்கேயே திரும்பிவிடும்.

படி 6: பெட்டி வந்துவிட்டது

திறப்பதற்கு முன் ஆறு பக்கமும் படம். கூரியர் லேபிள், அதிலுள்ள எடை, நசுங்கிய மூலை எல்லாம் தெரிய வேண்டும். பிறகு நிறுத்தாமல் எடுத்த ஒரே வீடியோ: லேபிளில் தொடங்கி, டேப்பை வெட்டி, உள் பேக்கிங் தெரிய, சாதனத்தை வெளியே எடுத்து, வரிசை எண் வரை. பேக்கிங் பொருள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சேதத்தைக் கூரியர் பரிசோதிக்க வரலாம், திருப்பி அனுப்பவும் அதே பெட்டி வேண்டும்.

சாதனத்தைச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் கரண்ட் கொடுக்கவே கூடாது. கனமான டிரான்ஸ்ஃபார்மர் இடம் பெயர்ந்திருக்கலாம். குளிரான வண்டியிலிருந்து வந்திருந்தால் சில மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், உள்ளே ஈரம் படிந்திருக்கும். சோதனையை இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். எதற்காகவும் மூடியைத் திறக்காதீர்கள், பெல்ட்டைக்கூட மாற்றாதீர்கள். "வாங்கியவர்தான் பிரித்துக் கெடுத்துவிட்டார்" என்று விற்பவர் சொல்ல அது ஒன்றே போதும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு: ஸ்பீக்கர் எதையும் இணைக்காமல், வால்யூமைக் குறைத்து ஆன் செய்யுங்கள். ரிலே விழும் சத்தம் கேட்ட பின் ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். மல்டிமீட்டரை (மின் அளவுகளைக் காட்டும் கருவி) டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் சிவப்பு, கறுப்பு ஸ்பீக்கர் முனைகளுக்கு இடையே அளவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. நூற்றுக்கணக்கில் காட்டினால் உள்ளே கோளாறு. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை மாட்டவே மாட்டாதீர்கள், வூஃபர் சுருள் எரிந்துவிடும். மீட்டரின் எண் தெளிவாகத் தெரியும்படி வீடியோ எடுங்கள். இந்தச் சோதனை வால்வு ஆம்ப்ளிஃபயருக்குப் பொருந்தாது. ஸ்பீக்கர் இணைக்காமல் அதை இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம்.

ஒரு பக்கம் சத்தம் வரவில்லை என்றால், விற்பவரிடமிருந்து வரக்கூடிய முதல் பதில் "உங்கள் கேபிளைப் பாருங்கள்" என்பதுதான். அதற்கு இடமே கொடுக்காதீர்கள். வீடியோ ஓடும்போதே உள்ளீட்டு கேபிள்களை இடம் வலம் மாற்றிச் செருகுங்கள். சத்தம் வராத பக்கமும் மாறினால் கோளாறு கேபிளிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. மாறாமல் அதே பக்கம் ஊமையாக இருந்தால், ஸ்பீக்கர்களையும் ஒருமுறை இடம் மாற்றிக் காட்டுங்கள். அதன் பிறகும் அதே பக்கம்தான் என்றால் ஆம்ப்ளிஃபயரிலேயே கோளாறு. இரண்டு நிமிட வீடியோ, பத்து செய்திகளை மிச்சப்படுத்தும்.

ஸ்பீக்கருக்கு: 8 ஓம் என்று எழுதியிருப்பதை மீட்டரில் அளந்தால் ஏறக்குறைய 6 ஓம் காட்டும், அது இயல்பு. முடிவில்லா மின்தடை காட்டினால் வூஃபர் சுருளோ உள் இணைப்போ அறுந்திருக்கிறது. உயர்ந்த ஒலி தரும் சிறிய ட்வீட்டருக்கு முன்னால் கெப்பாசிட்டர் இருப்பதால், ட்வீட்டர் போயிருப்பது இந்த அளவீட்டில் தெரியாது. குறைந்த சத்தத்தில் இரைச்சல் ஒலியை ஓடவிட்டு அருகில் காது வைத்துக் கேளுங்கள். டர்ன்டேபிளுக்கு: தட்டைக் கையால் சுற்றி உரசல் பாருங்கள், டோன் ஆர்ம் தடங்கலின்றி நகர்கிறதா பாருங்கள், பிறகு வேகம்.

படி 7: புகாரை எழுதுவது

முதலில் விற்பவருக்குத் தளத்தில் ஒரே செய்தி, மூன்று நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் "விவரித்தபடி இல்லை" என்ற வகையில் புகார். ஈபேயில் விற்பவருக்கு 3 வேலை நாள் உண்டு. அதற்குள் தீர்க்காவிட்டால் தளத்தைத் தலையிடச் சொல்லலாம். அந்தப் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். பலர் புகார் போட்டதோடு காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டு வாய்ப்பை இழக்கிறார்கள்.

புகாரில் நான்கு விஷயம், இந்த வரிசையில்: விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது, வந்தது என்ன, அதை எங்கே பார்க்கலாம், உங்களுக்கு என்ன வேண்டும். "விளம்பரம்: முழுமையாகச் சோதிக்கப்பட்டது, இரண்டு பக்கமும் நன்றாக வேலை செய்கிறது (ஸ்கிரீன்ஷாட் 1). வந்தது: வலது பக்கம் சத்தம் இல்லை. வலது ஸ்பீக்கர் முனையில் டிசி 640 மில்லிவோல்ட் (வீடியோ, 1:10). கேபிள், ஸ்பீக்கர் இரண்டையும் இடம் மாற்றியும் அதே பக்கம் (வீடியோ, 2:05). 9ஆம் தேதி விற்பவருக்கு எழுதினேன், பதில் இல்லை. சாதனத்தைத் திருப்பி அனுப்பி முழுப் பணத்தையும் பெற விரும்புகிறேன்."

"சத்தம் எதிர்பார்த்த அளவு இனிமையாக இல்லை" போன்ற வரிகளைச் சேர்க்காதீர்கள். ரசனை சார்ந்த ஒரே வரி, அளவிட்டுச் சொன்ன மற்ற வரிகளின் பலத்தையும் குறைத்துவிடும்.

போக்குவரத்தில் உடைந்திருந்தால் கூரியர் காப்பீட்டை நம்பி உட்காராதீர்கள். அந்தக் கோரிக்கையைப் பொதுவாக அனுப்பியவர்தான் போட வேண்டும். அவரோ பேசாமல் இருக்கிறார். கூரியரிடம் சேதத்தைத் தெரிவித்து வையுங்கள், ஆனால் பணத்தைத் தளத்தின் வழியாகவே கேளுங்கள். சரியாக பேக் செய்யாதது அவர் பொறுப்பு.

புகார் பதிவானபின் விற்பவரின் மௌனம் பெரும்பாலும் உங்களுக்குத்தான் சாதகம்: கெடுவுக்குள் பதில் தராதவருக்கு எதிராகவே வழக்கு முடியும். அந்தக் கட்டத்தில்தான் சிலர் திடீரென்று விழித்துக்கொள்வார்கள். "புகாரை மூடிவிடுங்கள், நான் நேரடியாகப் பணம் அனுப்பிவிடுகிறேன்" என்பார்கள். மூடாதீர்கள். பணத்தைத் திருப்பும் பொத்தான் அந்தப் புகாருக்குள்ளேயே அவருக்கு இருக்கிறது. பகுதித் தொகை தருவதாகச் சொன்னால், உள்ளூரில் பழுது பார்க்க என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உதிரி பாகம் கிடைக்காத பழைய அவுட்புட் ஐசி (ஒலியைப் பெருக்கும் சில்லு) போயிருந்தால் எந்தப் பகுதித் தொகையும் கட்டுப்படியாகாது.

திருப்பி அனுப்பச் சொன்னால் கெடுவுக்குள் அனுப்புங்கள். வரிசை எண் தெரிய பேக்கிங் வீடியோ, ட்ராக்கிங் எண், எதிர் எடை முதல் ரிமோட் வரை எல்லாத் துணைப் பொருளும். தளம் காட்டும் முகவரிக்கே அனுப்ப வேண்டும். விற்பவர் தனியாகச் சொன்ன வேறு முகவரிக்கு அனுப்பினால் திரும்பக் கொடுத்ததாகவே கணக்காகாது.

படி 8: தளம் கைவிட்டால்

கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் கேளுங்கள். இதில் வரிசை முக்கியம்: பேபால் வழக்கு நடக்கும்போதே வங்கியிலும் போட்டால் பேபால் தன் வழக்கை மூடிவிடும். தளத்தின் முடிவு வரும்வரை பொறுங்கள், ஆனால் வங்கியின் கடைசித் தேதியைத் தாண்டிப் பொறுக்காதீர்கள். தளத்துக்குக் கொடுத்த அதே நான்கு விஷயம், அதே ஆதாரங்கள், அதோடு தளத்தின் முடிவின் நகல். கதையை மாற்றிச் சொல்லாதீர்கள், வங்கி தளத்திடமும் கேட்கும்.

பாதுகாப்பே இல்லாத விளம்பரப் பலகைகளில் இந்தக் கதவுகள் எதுவும் கிடையாது. அங்கே முன்பணம் கொடுக்கவே வேண்டாம். நேரில் போய், உங்கள் கேபிள், ஹெட்போன், மல்டிமீட்டரோடு சோதித்துவிட்டு, பொருளைக் கையில் வாங்கும்போது பணம். ஏற்கனவே அனுப்பிவிட்டீர்களானால் அன்றே வங்கிக்குச் சொல்லிப் பணத்தை நிறுத்தக் கேளுங்கள், உங்கள் நாட்டின் இணையக் குற்றப் புகார் அமைப்பில் பதிவு செய்யுங்கள், விளம்பரத்தைத் தளத்துக்குத் தெரிவியுங்கள். மணிக்கணக்கு இங்கே முக்கியம்.

கணக்கோடு பூட்டிய சாதனங்கள்

இது தனிச் சிக்கல்: பொருள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விற்பவர் பதில் சொன்னால்தான் அது உங்களுடையதாகும். ஆப்பிள் ஏர்பாட்ஸ் பழைய உரிமையாளரின் ஃபைண்ட் மை (தொலைந்ததைத் தேடும் சேவை) கணக்கோடு இணைந்திருக்கும். அவர் நீக்கினால்தான் விடுபடும். ஆடியோ இண்டர்ஃபேஸோடு (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) வந்த ப்ளகின் (ஒலி மென்பொருள்) உரிமங்கள் அவர் கணக்கிலேயே இருக்கும், மாற்றித் தர அவர் கோரிக்கை போட வேண்டும். சோனோஸ் நிறுவனம் தன் பழைய ஸ்பீக்கர்களை நிரந்தரமாக முடக்கும் "மறுசுழற்சி நிலை" ஒன்றை வைத்திருந்து 2020 மார்ச்சில் கைவிட்டது. இத்தகைய சாதனத்துக்குப் பணம் கொடுக்கும் முன்பே, கணக்கிலிருந்து நீக்கிய திரையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுத்தபின் அவர் மறைந்துவிட்டால், "பூட்டிய நிலையில் வந்தது, பயன்படுத்த முடியவில்லை" என்று எழுதி, இணைக்க முயலும்போது வரும் பிழைச் செய்தியின் படத்தோடு "விவரித்தபடி இல்லை" வகையிலேயே புகார் போடலாம்.

மதிப்பீட்டைக் கடைசியில் எழுதுங்கள்

பணம் உங்கள் கணக்கில் வந்து விழுந்த பிறகு எழுதுங்கள், அதற்கு முன் வேண்டாம். மோசமான மதிப்பீடு போடுவேன் என்று வழக்கின் நடுவில் மிரட்டினால் உங்கள் மேலேயே நடவடிக்கை வரலாம். ஈபேயில் மதிப்பீடு எழுத 60 நாள் இருக்கிறது, வழக்கு முடிய அது பெரும்பாலும் போதும். நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "வலது பக்கம் வேலை செய்யாத ஆம்ப்ளிஃபயர் வந்தது. மூன்று செய்திக்கும் பதில் இல்லை. தளத்தின் வழியாகப் பணம் திரும்பக் கிடைத்தது." அடுத்து அவரிடம் வாங்க வருபவருக்கு இந்த மூன்று வரி போதும்.